கை பிந்திய காலம்

பள்ளிக்கூட பேண்டு வாத்தியக் குழுவில் என்னை டிரம்ஸுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று வீட்டில் சொன்ன அன்று, அப்பா சோறு பிசைந்துகொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினார். அவர் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். எந்தச் செய்திக்கும் சாப்பாட்டை நிறுத்துகிறவர் அல்ல.

“மோளமா?” என்றார்.

“மோளம் இல்லப்பா. டிரம்ஸ். வெள்ளக்காரன் வாத்தியம்.”

“குச்சியால தோல்ல அடிக்கிறதுதானே?”

“ஆமா.”

“அப்ப மோளம்தான்.” கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். “அந்தக் குச்சிய ஊர்லயே தூக்கிப் போட்டுட்டுத்தான் எங்கப்பா கப்பல் ஏறுனாரு. சாவு வீட்டுக்குக் கூப்பிட்டா போகணும். வாசலுக்கு வெளிய நின்னு அடிக்கணும். வெளியவே சாப்பிட்டு வரணும். இங்க வந்து நான் இரும்பத் தூக்குறேன், எவனும் என்னைய வெளிய நிக்கச் சொல்றதில்ல. நீ மறுபடியும் தோலு தட்டப் போறியா?”

அன்று எனக்கு அது முழுதாகப் புரியவில்லை. பிறகு புரிந்தபோதும் கோபம்தான் வந்தது. தாத்தாவை யாரோ வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள் என்பதற்காக நான் ஏன் குச்சியைத் தொடக்கூடாது? சண்டை போட்டுப் பார்க்கலாம் என்றால் அப்பாவிடம் சண்டையும் போட முடியாது. சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் கூடப் படித்த ஒருவனோடு சேர்ந்து பேண்டு ஆரம்பித்தேன். அவனைக் கித்தார்காரன் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். பெயரைப் போட்டால் அவன் பிள்ளைகள் சங்கடப்படுவார்கள். பேஸ் கித்தார் வாசித்தவன் சீனன். கிள்ளானில் அவன் அப்பா வைத்திருந்த டயர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடை அடைத்திருக்கும், அங்கேதான் பயிற்சி. பாடகன் பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருந்த மலாய்ப் பையன். வெயிலில் கொட்டகை அடுப்பு மாதிரி கொதிக்கும். சட்டையைக் கழற்றிவிட்டு அடிப்பேன். வேர்வையில் குச்சி நழுவும். டயர் கடையில் கிழிந்து கிடக்கும் உள்டியூப்பை நாடாவாக வெட்டிக் குச்சியில் சுற்றிக்கொள்வேன். அந்த ரப்பர் வாடை என் உள்ளங்கையை விட்டுப் போனதே இல்லை.

எழுபதுகளில் நாங்கள் வாசிக்காத இடம் கிடையாது. பள்ளிக்கூட ஃபன்ஃபேர், ஹோட்டல், கிளப், ராணுவ முகாம். எங்கேயும் மற்றவர்களின் இங்கிலீஷ் பாட்டுகள்தான். தமிழ்க் கல்யாணங்களிலும் கூப்பிடுவார்கள். அங்கே எங்களுக்குக் கிடைத்த பாராட்டு ஒன்றுதான்: யாராவது ஒரு மாமா மேடைக்கு அருகில் வந்து, “தம்பி, கொஞ்சம் மெதுவா அடிங்க. பந்தியில என்ன வேணும்னு கேட்டா காதுல விழ மாட்டேங்குது” என்பார். ராக் என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு அது முடி வளர்த்தவன் போடும் சத்தம். மலாய் பேண்டுகள் நடுவில் போனால் ‘அந்த இந்தியப் பையன், நல்லா அடிப்பான்’. எந்தப் பக்கம் போனாலும் நான் அந்தப் பக்கத்து ஆள் இல்லை. ஆனாலும் கொட்டகையில் நாலு பேரும் ஒன்றாக ஒரு அடியில் வந்து விழும்போது, இதற்காகத்தான் பிறந்தேன் என்று இருக்கும். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

எனக்குக் கல்யாணம் ஆனது. மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பிளாட்டில் இரண்டாவது மாடியில் குடியேறினோம். சாப்பாட்டு மேசை போட வேண்டிய இடத்தில் டிரம்ஸ் இருந்தது. அதன் மேல் ஒரு படுக்கை விரிப்பை மூடி வைத்திருப்பாள். “நம்ம வீட்ல முக்கியமான ஆளு தூங்குறாரு, சத்தம் போடாதீங்க” என்று வருகிறவர்களிடம் கிண்டல் பண்ணுவாள். மகிழ்ச்சியாகத்தான் இருந்தோம்.

அதனால்தான் பிறகு வந்ததை என்னால் யாருக்கும் விளக்க முடியவில்லை.

கோலாலம்பூரில் ஒரு பெரிய அரங்கில் வாசித்தோம். அதுவரை நாங்கள் வாசித்ததிலேயே அதுதான் சிறந்தது. கூட்டம் நாற்காலி மேல் ஏறி நின்றது. மறுநாள் காலை கண் விழித்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிகிறது, எழுந்திருக்கவில்லை. உடம்பில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பல் துலக்க வேண்டும் என்று நினைத்தாலே, ஒரு லோரியை மலை மேல் தள்ளச் சொன்னது போல அலுப்பாக இருந்தது. அப்படியே படுத்திருந்தேன். மனைவி வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோதும் அதே பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன்.

ஒரு வாரம் போனது, இன்னொன்று போனது. இழுத்துப் பிடித்துப் பயிற்சிக்குப் போனால், சிம்பல் தட்டை அடித்தால் பானை மூடியைத் தட்டியது போல் கேட்டது. காதில் கோளாறு இல்லை. எல்லாம் கேட்டது, ஒன்றும் உள்ளே இறங்கவில்லை.

ஏதாவது ஒரு காரணம் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! யாராவது செத்திருந்தால், வேலை போயிருந்தால், மனைவி ஓடிப்போயிருந்தால் சொல்லிக்கொள்ளலாம். “என்னடா கொறச்சல் ஒனக்கு?” என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். ஒரு குறையும் இல்லை. அதுதானே பிரச்சினை? இதைச் சொன்னால், “அப்ப எந்திரி” என்பார்கள்.

அம்மா பத்துமலைக்கு நேர்ந்துகொண்டார். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தேன். அத்தனை கூட்டத்தில், அத்தனை உறுமிச் சத்தத்தில், படி ஏறி இறங்கினேன். கால் வலித்ததைத் தவிர வேறு மாற்றம் இல்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், உடனே தெரியும் என்று எதிர்பார்த்தது போல. அவருக்காகச் சிரித்து வைத்தேன். தெரு முனையில் இருந்த கிளினிக் டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, வாயுக் கோளாறு என்று சொல்லி வைட்டமின் கொடுத்தார். அப்பா கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து வந்து, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார்.

“அந்த மோளத்த வித்துடு. எல்லாம் சரியாப் போயிரும்.”

கித்தார்காரன் அதற்கு நேர் எதிர். “மச்சான், ஒரு பீர் அடிச்சிட்டு வந்து ஒக்காந்து வாசி லா. எல்லாம் பறந்துடும்.”

மோளத்தால் வந்தது என்று ஒருவர், மோளம் அடித்தால் போய்விடும் என்று ஒருவர். இருவருக்கும் நடுவில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். என் மனைவி மட்டும் வைத்தியம் எதுவும் சொல்லவில்லை. அவள் கோபப்பட்டாள். ஒரு நாள் மதியம் லீவு போட்டுவிட்டு வந்து, மூடிக் கிடந்த ஜன்னலைப் படார் என்று திறந்தாள்.

“காய்ச்சல்னா நெத்தியத் தொட்டுப் பாப்பேன். இதுக்கு நான் எதத் தொடுறது? சொல்லுங்க. ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு நாள் பூரா யாரு யாருக்கோ லைன் போட்டுக் குடுக்கிறேன். வீட்டுக்கு வந்தா ஒங்க லைன் மட்டும் கெடைக்க மாட்டேங்குது.”

“எனக்கே தெரியலயே. தெரிஞ்சா சொல்ல மாட்டனா?”

“அப்ப தெரிஞ்சவங்ககிட்டப் போவோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு.”

“அங்கயா? பாத்தவங்க தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிட்டாங்கன்னு சொல்லுவாங்க.”

மனநல ஆஸ்பத்திரி இருந்ததால் அந்த ஊர்ப் பெயரே எங்கள் பக்கத்தில் வசவாகிவிட்டிருந்தது. அவள் அசையவில்லை. “சொல்லட்டும். சட்டையப் போடுங்க” என்றாள்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவின் நடைபாதை முழுக்க பெஞ்சுகள். தலையைக் குனிந்துகொண்டே போய் உட்கார்ந்தேன். நிமிர்ந்தால் எதிரில் எங்கள் பிளாட்டின் கீழ்வீட்டு அக்கா. தினமும் படியில் பார்த்துச் சிரிக்கிறவர்.

“என்ன தம்பி, இங்க?”

“ஒரு கூட்டாளியப் பாக்க வந்தேங்க்கா. நீங்க?”

“நானும் ஒரு சொந்தக்காரவங்களத்தான் பாக்க வந்தேன்.”

நாங்கள் பார்க்க வந்த ஆட்கள் கடைசிவரை வரவில்லை. நர்ஸ் முதலில் அவர் பெயரைக் கூப்பிட்டார், பிறகு என் பெயரை. அதற்குப் பிறகு படியில் பார்த்தபோதெல்லாம் முன்னைவிட வேகமாகச் சிரித்துவிட்டு நகர்ந்துகொண்டோம். ஒரே வியாதி உள்ள இரண்டு பேர், ஒரே படிக்கட்டில், வருஷக் கணக்காக ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

டாக்டர் நிமிராமல் கேட்டார். தூக்கம் எப்படி, பசி எப்படி, அழுகை வருமா. வெளியே அவ்வளவு கூட்டம், அவரையும் குறை சொல்ல முடியாது. டிப்ரெஷன் என்றார். பிறகு தமிழ்ப் பத்திரிகையில் அதற்கு மனச்சோர்வு என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். சோர்வு என்றால் தூங்கி எழுந்தால் போக வேண்டும். நான் தூங்கித் தூங்கி இன்னும் கீழேதான் போய்க்கொண்டிருந்தேன்.

மாத்திரை வேலை செய்தது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். உடனே இல்லை, வாயும் நாக்கும் காய்ந்து சில வாரங்கள் போன பிறகு. ஒரு நாள் சாப்பிடும்போது, “சாம்பார்ல உப்பு கொறச்சலா இருக்கு” என்றேன். மனைவி கரண்டியை வைத்துவிட்டு அழுதாள். நான் ஒன்றைப் பற்றிக் குறை சொல்லி எவ்வளவோ நாள் ஆகிவிட்டது என்றாள்.

கொட்டகைக்குத் திரும்பினேன். முதல் பாட்டிலேயே கித்தார்காரன் கையைத் தூக்கி நிறுத்தினான்.

“மச்சான், இழுக்குற.”

மறுபடியும் ஆரம்பித்தோம். மறுபடியும் நிறுத்தினான். பேஸ் வாசிப்பவன் தரையைப் பார்த்தான். எனக்கே தெரிந்தது. மனசு சொன்ன இடத்தில் கை வரவில்லை. கண் இமைக்கும் நேரம்தான் பிந்தியது. கேட்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் பேண்டில் மற்றவர்கள் எல்லாரும் கால் வைக்கிற தரை அது, அது வழுக்கினால் எல்லாரும் வழுக்குவார்கள். குச்சியைப் பிடித்த விரல் லேசாக நடுங்கவும் செய்தது. மாத்திரை சாப்பிட்டால் வாழலாம், வாசிக்க முடியாது. சாப்பிடாவிட்டால் வாசிக்கலாம், அதுவும் எழுந்திருக்க முடிகிற வரைக்கும். இப்படி ஒரு கணக்கை எவன் போட்டான் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் யார் மேல் ஆத்திரப்படுவது?

எண்பதுகளில் மலாய் ராக் பெரிதாகக் கிளம்பியது. எங்களுக்குச் சொந்தப் பாட்டுகள் சேர்ந்திருந்தன. ஒரு கேசட் கம்பெனி கூப்பிட்டது. இத்தனை வருஷம் மற்றவர்கள் பாட்டை வாசித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! வீட்டில் மனைவியிடம் சொன்னேன், ரெக்கார்டிங் முடிகிறவரை மாத்திரையை நிறுத்தப் போகிறேன் என்று.

“டாக்டர் சொன்னாரா?”

“அவருக்கு என்ன தெரியும்? அவரு டிரம்ஸ் அடிக்கிறாரா?”

“நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கீங்களா?”

“இந்த ஒரு தடவதான். இந்தக் கேசட்டு வேற ஒருத்தன் கையில போயிட்டா அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?”

அவள் துணி காயப்போடப் போய்விட்டாள். நான் நிறுத்திவிட்டேன்.

ஸ்டூடியோ ஒரு கடைவீட்டின் மேல்மாடி. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள். ஆரம்பத்தில் நான் வாசித்த மாதிரி அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை. கை பறந்தது. கித்தார்காரன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்துக்கொண்டே இருந்தான். கேசட்டில் பாதி பாட்டு முடிந்தது. பிறகு ஒரு காலை, முன்பு வந்த மாதிரியே, எழுந்திருக்க முடியவில்லை. கித்தார்காரன் பிளாட்டுக்கே வந்துவிட்டான். கட்டில் பக்கத்தில் நின்று கெஞ்சினான், திட்டினான். என்னை உட்கார வைத்தான். நான் மெல்லச் சாய்ந்து மறுபடியும் படுத்துக்கொண்டேன். அவன் போகும்போது என் மனைவியிடம், “சிஸ்டர், கம்பெனி காத்துக்கிட்டு இருக்காது” என்று சொன்னது காதில் விழுந்தது.

கம்பெனி காத்திருக்கவில்லை. பிஸ்கட் டின் அளவில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார்கள். டிரம் மெஷின். பட்டனைத் தட்டி ஒரு வரி போட்டுக் கொடுத்தால் அது நாள் முழுக்க அடிக்கும். மீதிப் பாட்டெல்லாம் அதை வைத்தே முடித்துவிட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, டிரம்மருக்குக் கை சுளுக்கு என்று சொல்லிவிட்டார்கள். கேசட் அட்டையில் என் படமும் இருந்தது, என் பெயரும் இருந்தது.

கேசட் நன்றாக விற்றது. அதில் ஒரு பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா தெருவில் துணிக்கடைகளுக்கு நடுவில் இருந்த கேசட் கடையில் அது, கிள்ளான் பஸ்ஸில் அது, கோப்பிக் கடையில் அது. அந்தப் பாட்டில் டிரம்ஸ் அடித்தது நான் அல்ல, பெட்டி.

“அண்ணே, அந்தப் பாட்டுல பின்னிட்டீங்க” என்று வந்து கையைப் பிடிப்பார்கள். “கை இப்ப சரியாயிடுச்சா?” என்று மணிக்கட்டை அமுக்கிப் பார்ப்பார்கள். நான் உயிரைக் கொடுத்து வாசித்த பாட்டுகளைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு தடவை பங்சாரில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறியவர் அந்தப் பாட்டுக்காக எனக்கு ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்தார். பெட்டிக்கு வைத்த மீன். சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது?

மாத்திரையை மறுபடி தொடங்கி நான் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் கிள்ளானில் ஒரு கச்சேரி ஏற்பாடானது. சொந்த ஊர். கித்தார்காரன் பயிற்சியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

“கேசட்டுல இருக்கிற மாதிரியே வேணும். சனங்க அதக் கேக்கத்தான் வராங்க.”

“அது நான் அடிச்சதே இல்லயே.”

“பரவால்ல லா. அது மாதிரி அடி.”

மிஷினைப் போல அடிக்க உட்கார்ந்து பயிற்சி செய்தேன். மாத்திரை போட்ட கையோடு, ஒரு நாளும் சோர்ந்து போகாத ஒன்றோடு போட்டி. கித்தார்காரன் அந்தப் பாட்டை என் வாக்மேனில் போட்டுக் கொடுத்து, கேட்டுக்கொண்டே அடி என்றான். அடித்தேன். ஒவ்வொரு வரியின் முடிவிலும் அது முன்னே போய் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது போல் இருந்தது.

கச்சேரி அன்று மண்டபம் நிறைந்திருந்தது. மற்ற பாட்டுகள் எப்படியோ போயின. அந்தப் பாட்டு வந்ததும் கூட்டம் எழுந்து கைதட்ட ஆரம்பித்தது, பெட்டியின் வேகத்தில். நான் பாதி வேகத்தில் தொடங்கினேன். யோசித்துச் செய்யவில்லை. என் கைக்கு வருகிற வேகத்தில், கனமாக, பெரிய டிரம்மை மிதித்து அடித்தேன். எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது. இப்போதும் அந்தப் பாட்டு அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் பாடகன் எங்கே பாட்டை எடுப்பது என்று தெரியாமல் விழித்தான். கூட்டத்தின் கைதட்டல் கலைந்து நின்றது. பின்னால் யாரோ விசில் அடித்தார்கள்.

மேடைக்குப் பின்னால் கித்தார்காரன் என் சட்டையைப் பிடித்தான்.

“என்னடா பண்ண நீ? கடுப்ப என் மேல காட்டு, பாட்டு மேல ஏன்டா காட்டுற?”

“கடுப்பு இல்ல. என்னால அவ்ளோதான் முடியும்.”

“அந்த மிஷினுக்கு மூட் சரியில்லாம போறதில்ல, தெரியுமா? போன் பண்ணா எடுக்க மாட்டேன்னு சொல்றதில்ல. ஒன்ன நான் எத்தன வருஷம் தூக்கிக்கிட்டு அலையிறது?”

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவன் என்னைத் தூக்கிக்கொண்டுதான் அலைந்தான். “அப்ப அந்த மிஷினையே வச்சுக்க” என்றேன். சட்டையை விட்டான். வண்டியில் நான் மட்டும் டிரம்ஸை ஏற்றினேன், வழக்கமாக உதவுகிற பேஸ்காரன் அன்று வெளியே வரவில்லை.

அடுத்தவர்களிடம் வேலை கேட்டுப் போனேன். ஹோட்டல்களில் அதற்குள் ஒரே ஆள் கீபோர்டில் டிரம்ஸ், பேஸ் எல்லாம் போட்டுக்கொண்டு பாட ஆரம்பித்திருந்தார். கல்யாண வீடுகளிலும் அதே. அப்பா தெரிந்தவரிடம் சொல்லித் துறைமுகத்தில் ஸ்டோர் வேலை வாங்கிக் கொடுத்தார். கொஞ்ச நாள் போனேன். “பாத்தியா, மோளத்த விட்டதும் மனுஷனா ஆயிட்ட” என்றார். அதைச் சொன்ன வாரமே நான் மறுபடி படுத்துவிட்டேன். அப்பாவின் முகத்தைப் பார்க்க அதற்குப் பிறகு எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் நம்பிய ஒரே மருந்தும் பலிக்கவில்லை. அவருக்கும் அது ஏமாற்றம்தானே?

அந்த முறை வந்தது முன்பு வந்த எல்லாவற்றையும் விட ஆழம். விவரித்தால் படிக்கிறவர்களுக்குப் பயன் ஒன்றும் இல்லை. ஒரு காலை, மனைவி வேலைக்குக் கிளம்பிச் சேலை கட்டிக்கொண்டிருந்தவள், அப்படியே வந்து கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள்.

“ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. சாகணும்னு தோணுதா?”

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கேட்டால் வந்துவிடும் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றிப் போனார்கள்.

“தோணுது,” என்றேன்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. நெடுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “சரி. சொன்னீங்களே, அது போதும்” என்றாள். பிறகு ஆபீசுக்குப் போன் பண்ணி, வீட்டில் ஆளுக்கு உடம்பு சரியில்லை, வரமாட்டேன் என்றாள். என்ன உடம்புக்கு என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். “டிப்ரெஷன்” என்றாள். எங்கள் வீட்டில் அந்தச் சொல் வெளி ஆளிடம் சொல்லப்பட்டது அதுவே முதல் முறை. வானம் இடிந்து விழவில்லை. அந்தப் பக்கத்து ஆபரேட்டர், “எந்த டாக்டரு, நல்லவரா?” என்று கேட்டாளாம்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். சில வாரங்கள் அங்கேயே தங்கவும் வேண்டியிருந்தது. டாக்டர் மாறியிருந்தார், இப்போது ஒரு பெண். நான் கொஞ்சம் தேறியதும், அத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத ஒன்றை அவர் கேட்டார்.

“நீங்க என்ன வேல பாக்குறீங்க?”

“டிரம்மர். இருந்தேன்.”

“இருந்தேன்னா?”

மாத்திரையால் கை பிந்துகிறது என்று சொன்னேன். முந்தைய டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்றார். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை என்றேன். “ரெண்டு பேரும் சேந்து நல்லா வேல பாத்திருக்கீங்க” என்றார். எனக்குச் சுருக்கென்றது, சிரிப்பும் வந்தது. மேசையில் விரலால் தட்டிக் காட்டச் சொன்னார். தட்டினேன். வேறு மருந்துக்கு மாற்றினார், அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவை போகும்போதும் மேசையில் தட்ட வேண்டும். வெளியே காத்திருந்தவர்கள் உள்ளே என்ன நடக்கிறது என்று நினைத்திருப்பார்களோ தெரியாது. கை பழையபடி முழுதாக வரவில்லை. பெரும்பகுதி வந்தது. மீதிக்காக நான் இன்னும் வருத்தப்படுகிறேன், வருத்தப்படாதே என்று யார் சொன்னாலும் கேட்பதாக இல்லை.

கித்தார்காரனை ஒரு சாவு வீட்டில் பார்த்தேன், பாடகனின் அப்பா இறந்தபோது. பேண்டு அதற்குள் கலைந்துவிட்டிருந்தது. அவன் இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தான். இருவரும் மரத்தடியில் நின்றோம்.

“அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது மச்சான். நீ சோம்பேறின்னு நெனச்சேன்.”

“நானும் அதேதான் நெனச்சேன்.”

“இப்ப மாத்திர சாப்பிடுறியா?”

“சாப்பிடுறேன்.”

“நல்லதுதான்” என்றவன், கொஞ்சம் தயங்கி, “ஆனா அந்தக் கிள்ளான் கச்சேரிய நீ கெடுத்தது கெடுத்ததுதான்” என்றான். இன்னும் அவனுக்கு ஆறவில்லை. எனக்கும் ஆறவில்லை. இருந்தாலும் அவன் கார்டைக் கொடுத்தான், நான் வாங்கிக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் இசைக்கருவிகள் விற்கும் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே வந்துபோகிற மூன்று பேர் பங்சாரில் ஒரு பப்பில் ஞாயிறு மதியங்களில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பழைய புளூஸ், கொஞ்சம் ராக், அவசரம் இல்லாத பாட்டுகள். டிரம்மர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான், வருகிறீர்களா என்று கேட்டார்கள். போவதற்கு முன்னால் மனைவி சொன்னாள், “மொதல்லயே சொல்லிடுங்க. அப்புறம் கை சுளுக்குன்னு கத கட்ட வேணாம்.”

முதல் நாள் பயிற்சிக்கு முன்பே சொன்னேன். எனக்கு டிப்ரெஷன் உண்டு, மருந்து சாப்பிடுகிறேன், வருஷத்தில் சில வாரங்கள் என்னால் வர முடியாமல் போகலாம், எப்போது என்று எனக்கே தெரியாது. சொல்லும்போது வாய் காய்ந்தது மாத்திரையால் மட்டும் அல்ல. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர், பியானோ வாசிப்பவர், நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டார்:

“அந்த வாரம் டிரம்ஸ யாரு பாஸ் தூக்கிக்கிட்டு வர்றது? எனக்கு முதுகு வலி.”

பப்பின் ஸ்டோரிலேயே டிரம்ஸை வைத்துவிடலாம் என்று பேசி முடித்தோம். சாவி ஒன்று என்னிடம், ஒன்று பியானோக்காரரிடம். வர முடியாத வாரங்களில் தெரிந்த ஒருவனைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த வருஷம் அப்படிச் சில வாரங்கள் வந்தன. திரும்பிப் போனபோது அவன் என் ஸ்டூலை இறக்கிவிட்டு, சிம்பலை எல்லாம் கை எட்டாத உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தான். ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மின் தோல் தொய்ந்து கிடந்தது.

“யார்யா இத இப்படிப் பண்ணது?” என்றேன், பப்பில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. பியானோக்காரர் முதுகைத் தடவிக்கொண்டே, “ஆரம்பிக்கலாமா பாஸ்?” என்றார். இருங்க என்று சொல்லிவிட்டு, டிரம்ஸ் முறுக்குகிற சாவியை எடுத்துத் தோலை முறுக்க உட்கார்ந்தேன்.